போதகரின் மண் கிண்ணம்

ஓஸ்லோவில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவேன்: பழைய சட்டிகளில் என்ன சமைத்தார்கள் என்று பார்ப்பது. கேட்டவர் சிரிப்பார். நான் சிரிக்காததைக் கண்டு, "அதுக்குச் சம்பளமும் தருவினமோ?" என்பார். ரொம்சோஸ் அடுக்குமாடியில் எங்கள் கீழ்வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், "அப்ப நாங்கள் நேற்று என்ன சமைச்சனாங்கள் எண்டும் கண்டுபிடிப்பியளோ?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு மீன் பொரிக்கிற மனிதர் அவர். "ஓம், சட்டியைக் கொண்டு வாங்கோ" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுத்ததே இல்லை.

யாழ்ப்பாணத்தில் நான் தொடங்கிய இரசாயனப் படிப்பைப் போர் பாதியில் நிறுத்தியது. அகதியாக வந்து, மொழி படித்து, மீன் தொழிற்சாலையில் கை விறைத்து, கடைசியில் இந்த நாட்டில்தான் பட்டத்தை முடித்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. மண்பாத்திரம் கொழுப்பைக் குடிக்கும். குடித்ததை ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு விடாது. அந்த மண்ணில் கொஞ்சம் சுரண்டித் தூளாக்கி, கரைத்து, இயந்திரத்துக்குள் அனுப்பினால், அது பாலா, இறைச்சியா, மீனா, எண்ணெயா என்று கோடுகளாக வரைந்து தரும். இயந்திரத்தைப் பராமரிப்பதும் கோடுகளை வாசிப்பதும் என் பொறுப்பு.

முதலில் வந்தவை நோர்வே மண்ணில் கிடைத்த சட்டிகள். பிறகு எங்கள் குழுத்தலைவர் வேதாகமக் கதைகள் நடந்த நாடுகளின் சட்டிகளைக் கொண்டுவரத் தொடங்கினார். நான் சைவக்காரி. வேதாகமத்தில் எனக்குத் தெரிந்தது, கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் காதில் விழுந்தவை மட்டும். "அது ஒன்றும் குறையில்லை, எதையும் எதிர்பார்க்காமல் கோட்டைப் பார்ப்பாய்" என்று தலைவர் சொன்னார். அவர் நல்ல மனிதர், ஆனால் ஆசைக்காரர். ஒவ்வொரு பெட்டி வரும்போதும் பிறந்தநாள் பிள்ளையின் முகம் அவருக்கு வந்துவிடும்.

அந்தத் தொல்லியல் துறை அப்போது தலைகீழாகிக்கொண்டிருந்தது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். முன்பெல்லாம் வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு குன்றைத் தோண்டினார்களாம். எந்த அரசன், எந்த வாசல், எந்தப் பலிபீடம் என்று முதலிலேயே முடிவாகிவிடும், மண்வெட்டி பிறகுதான் போகும். சுவரும் கல்வெட்டும் கிடைத்தால் போதும், மிச்ச மண்ணைக் கூடை கூடையாகச் சரிவில் கொட்டிவிடுவார்கள். இப்போது அந்த மண்ணைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். சல்லடையில் அரிக்கிறார்கள், தண்ணீரில் போட்டுக் கலக்குகிறார்கள். கருகிய பருப்பு ஒன்று மிதந்து வந்தால் அதை வைத்து வயது சொல்கிறார்கள். தோண்டாமலே நிலத்துக்கடியில் சுவர் ஓடும் தடத்தைக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. நாங்கள் செய்த சட்டி வேலையும் அதில் ஒன்று.

எங்கள் ஆய்வைப் பற்றி வானொலியில் தலைவர் பேசிய மறுநாள், ஓஸ்லோவின் தெற்குப் பக்கமுள்ள ஹவுகெட்டோவிலிருந்து ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தன்னிடம் ஒரு கிண்ணம் இருக்கிறது என்றார். பழைய ஆட்களின் நீண்ட கதைகளைக் கேட்கப் பொறுமை உள்ளவள் என்று ஆய்வுகூடத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. உண்மையில் எனக்குப் பொறுமையே கிடையாது. மரியாதை மட்டும்தான் இருந்தது. அதைப் பொறுமை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து பனி மிதித்துக் கொஞ்ச தூரம் நடந்தால் அவருடைய வரிசை வீடு. எண்பதைத் தாண்டியவர். நெட்டையான, நிமிர்ந்த உடம்பு, பிரசங்கம் செய்து பழகிய குரல். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கூடத்து அலுமாரித் தட்டில் இரண்டு பித்தளை மெழுகுவர்த்திக் கால்கள் பளபளவென்று நின்றன. அவற்றுக்கு நடுவில் இருந்தது கிண்ணம். உள்ளங்கையில் அடங்குகிற, தடித்த அடியுள்ள, மண்ணிறக் கிண்ணம். அழகு என்று சொல்ல எதுவும் இல்லை.

அவர் நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் சுருக்குகிறேன். இளம் வயதில், இறையியல் மாணவனாக, வேதாகமத்தில் பெயர் வரும் ஒரு குன்றைத் தோண்டும் குழுவோடு ஒரு கோடை முழுவதும் இருந்தாராம். அங்கே ஒரு சின்ன அறை. சுவரோடு ஒரு கல் திண்டு. அதன் காலடியில் இந்தக் கிண்ணம். கடவுளுக்குத் திராட்சை ரசம் ஊற்றி வழிபட்ட அறை அது என்று அவருக்கு அந்தக் கணமே தோன்றிவிட்டது. ஊர் திரும்பி ஒரு கட்டுரை எழுதினார். பெரிய அறிஞர்கள் யாரும் ஏற்கவில்லை.

"மறுத்தார்களா?" என்று கேட்டேன்.

"மறுத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்," என்றார். "ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. சந்திக்கும்போது புன்னகைப்பார்கள். ஐம்பது வருடத்துக்கு மேலாக அந்தப் புன்னகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

சாதாரண உடைசல்களை அந்தக் காலத்தில் உதவி செய்தவர்களுக்கு ஞாபகமாகக் கொடுத்து அனுப்புவார்களாம். இப்போது அப்படிச் செய்தால் சிறைக்குப் போகவேண்டும். இந்தக் கிண்ணம் அங்கே தூரிகை போட்டுக் கழுவாமல், மண்ணோடு மண்ணாகத் துணியில் சுற்றி வந்தது என்று அவர் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய தோண்டல்களில் கிடைத்த பாத்திரம் ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவிவிட்டார்கள் என்பதுதான் எங்கள் துறையின் தீராத புலம்பல். கழுவாத கிண்ணம் என்றால் எங்களுக்குப் புதையல்.

"நான் சாவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும்," என்றார் போதகர். "திராட்சை ரசம் இருந்ததா, இல்லையா. அவ்வளவுதான்."

கொண்டுவந்து உட்பக்கத்தில் கொஞ்சம் சுரண்டி இயந்திரத்தில் போட்டேன். திராட்சையில் டார்டாரிக் அமிலம் என்று ஒன்று நிறைய இருக்கும். அந்த நாடுகளில் விளையும் வேறு பழங்களில் அந்த அளவுக்கு இருக்காது. ஆகவே பழைய பாத்திரத்தில் அது தென்பட்டால் திராட்சை ரசம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கோடு கூரையைத் தொட்டது. நான் பயந்து போய் இரண்டாம் முறையும் செய்தேன். அதேதான்.

"இது கூடிப்போச்சு," என்று தலைவரிடம் சொன்னேன். "இவ்வளவு பழைய பாத்திரத்தில் இவ்வளவு மிஞ்சாது. சிவப்புத் திராட்சை விட்டுப்போகும் மற்றப் பொருளும் காணவில்லை. கொஞ்சம் பொறுங்கள்."

"கழுவவே இல்லையே! அதனால்தான் மிஞ்சியிருக்கிறது," என்றார் அவர். அன்று மாலையே போதகரைத் தொலைபேசியில் அழைத்து, அநேகமாகத் திராட்சை ரசம்தான் என்று சொல்லியும்விட்டார். போதகர் அழுதாராம். அந்த வாரமே தேவாலய மண்டபத்தில் ஒரு கூட்டத்துக்கு நாள் குறித்துவிட்டார். அந்தக் குன்றைப் பற்றிப் பேசப் போகிறாராம், புன்னகைத்தவர்களில் உயிரோடு இருப்பவர்களையும் அழைத்திருக்கிறாராம். தலைவர் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னார். 

கிண்ணம் இருந்த இடத்தைப் படம் எடுக்கவும், ஒரு கையொப்பம் வாங்கவும் நான் மறுபடி ஹவுகெட்டோவுக்குப் போனேன். கதவைத் திறந்தது ஒரு தமிழ்ப் பெண். நெற்றியில் திருநீற்றுக் கீற்று, கையில் ஈரத் துணி. வயோதிபர் வீடுகளில் துப்புரவு செய்து கொடுக்க நகரசபை அனுப்பும் உதவியாளர். மட்டக்களப்பைச் சேர்ந்தவர், ஸ்ட்ரோம்மனிலிருந்து ரயில் மாறி வருகிறார், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இதெல்லாம் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. போதகர் மேல்மாடியில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தங்கச்சி, நீங்களோ அந்தச் சின்னச் சட்டியக் கொண்டு போனது? எப்ப கா திருப்பித் தருவீங்க? எனக்கெண்டாக் கை ஒடிஞ்ச மாதிரிக் கிடக்கு."

மேசையில் பழைய தாள் விரித்து அந்த இரண்டு மெழுகுவர்த்திக் கால்களையும் படுக்க வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல். அதற்குள் புளி ஊறிக்கொண்டிருந்தது.

நான் புளியைப் பார்த்தேன். பித்தளையைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்தேன்.

"அந்தச் சட்டி உங்களுக்கு என்னத்துக்கக்கா?"

"இதுக்குத்தான். புளி ஊறப் போட இந்த வீட்டில வேற நல்ல ஏனமே இல்ல புள்ள. எல்லாம் அலுமினியம். அலுமினியத்தில புளி போடலாமோ? மண் ஏனமெண்டாப் புளி நல்லாக் கரையும். பித்தள விளக்கு மினுக்கிற மாதிரி இதையும் மினுக்கி வச்சன், போதகரையாவுக்குச் சரியான சந்தோசம். எண்ட கையப் பிடிச்சு நன்றி சொன்னவர்."

"எவ்வளவு காலமா?"

"நான் இஞ்ச வரத் தொடங்கின நாளையிலிருந்து. மூணு வருசம் வரும். ஊறப்போட்டு மினுக்கிப் போட்டு, மறுகா சட்டியக் கழுவித் துடைச்சு அதே இடத்தில வச்சிருவன். முதல் நாள் உள்ளுக்கக் கறுப்பாப் பிடிச்சுக் கிடந்தது, தேய்ச்சு எடுத்தன். சிகரெட் சாம்பல் தட்டுற சட்டி எண்டுதான் நான் நினைச்சிருந்தன். அவர் சிகரெட் குடிக்கிறேல்லத்தானே, சும்மா கிடக்குதெண்டு…"

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது. புளியில் இருக்கும் புளிப்பில் பெரும்பகுதி அதே டார்டாரிக் அமிலம்தான். நான் அதைப் பாடமாகப் படித்தவள். ஒரு நாள் தவறாமல் புளி கரைக்கிறவளும்கூட. இருந்தும் கூரையைத் தொட்ட அந்தக் கோட்டைப் பார்த்தபோது புளியின் நினைவு எனக்கு வரவே இல்லை. நோர்வேப் போதகர் வீட்டுக்குள் புளி எப்படி வரும்? நகரசபையே அனுப்பி வைத்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. "அப்ப அவர் மேடையில கதைக்கப் போறது எண்ட புளியப் பத்தியோ?" என்றார். பிறகு என் கையைப் பிடித்தார். "சொல்லிராத புள்ள. நகரசபைக்குத் தெரிஞ்சா வேல போயிரும். வேல போனாலும் பரவால்ல, அந்த மனிசன்ட முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது? கிழம முழுக்க இந்தக் கூட்டத்தப் பத்தித்தான் கதைச்சவர்."

படியில் போதகர் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அன்று அவர் எனக்காகப் பாதாம் கேக் வாங்கி வைத்திருந்தார். ஒரு துண்டைத் தின்று முடித்தேன். இன்னும் ஒரு பரிசோதனை இருக்கிறது, அதற்குள் யாருக்கும் நிச்சயமாகச் சொல்லவேண்டாம் என்று மட்டும் சொன்னேன். "ஐம்பது வருடம் பொறுத்தவன், இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டேனா?" என்று சிரித்தார். எனக்கு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது.

மறுநாள் என் வீட்டுப் புளியில் ஒரு கொட்டையளவு கிள்ளி எடுத்துப் போனேன். ஆய்வுகூடத்தில் கிடந்த ஒரு புது மண்சட்டித் துண்டில் ஊறவைத்து, காயவைத்து, சுரண்டி இயந்திரத்தில் போட்டேன். அதே கோடு, அதே உயரம். இரண்டு தாள்களையும் தலைவர் முன்னால் வைத்தேன். அவர் நீண்ட நேரம் பார்த்தார். என்மேல் கோபப்பட நினைத்தார் என்று நினைக்கிறேன், ஆனால் நான் பொறுக்கச் சொன்னது நினைவுக்கு வந்திருக்கும். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "வேதாகம நாட்டில் புளி," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

"புளி எவ்வளவு ஆழம் போயிருக்கும்?" என்று கேட்டார்.

"மேல்பக்கம்தான். அடி தடிப்பானது. அதன் நடுவில் பழையது அப்படியே இருக்கலாம். ஆனால் கிண்ணத்தை வெட்டவேண்டும்."

"அவரிடம் யார் கேட்பது?"

யார் கேட்பது! அந்த ஆய்வுகூடத்தில் மரியாதை தெரிந்தவள் நான் ஒருத்திதானே.

நான் போகப் போகும் நாளை அக்காவுக்குச் சொன்னேன். வரவேண்டாம், உங்கள் பெயரை எடுக்காமலே சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "ஊறப் போட்டது நான். நீ என்னத்தப் புள்ள சொல்லுவா?" என்று கேட்டு, வேலை நாள் இல்லாத நாளில், நல்ல சேலை உடுத்து, மேலே குளிர் அங்கி போட்டுக்கொண்டு ஹவுகெட்டோ நிலையத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றார். கைப்பையில் புளிப் பொட்டலம்.

கூடத்தில் நாங்கள் இருவரும் வரிசையாக உட்கார்ந்தோம். அக்கா தனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நடுவில் சொல் கிடைக்காமல் என்னைப் பார்த்தபோது நான் எடுத்துக் கொடுத்தேன். போதகருக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். அவர் ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்தார். முகம் முழுவதும் சுருங்கியது.

"இதுதானா என் திராட்சை ரசம்?"

 அவர் எழுந்து சன்னலருகே போய் நின்றார். திரும்பிப் பார்க்காமலே, "நீங்கள் வீட்டுக்குப் போகலாம்," என்றார். எனக்கல்ல, அக்காவுக்கு. அக்கா பொட்டலத்தைக்கூட எடுக்காமல், அங்கிக்குப் பொத்தான் போடாமல் வெளியே போனார்.

எனக்குப் போதகர்மேல் பொல்லாத கோபம் வந்தது. "அவர் வந்து சொல்லியிருக்கவே வேண்டாம்," என்றேன். "சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. உங்கள் பொருளைத் தொடவேண்டாம் என்று நீங்களும் ஒருநாளும் அவரிடம் சொல்லவில்லை. சாம்பல் கிண்ணம் என்று நினைத்திருக்கிறார்." என் குரல் உயர்ந்துவிட்டது. அடியை வெட்டினால் அதன் நடுவில் பழையது அப்படியே இருக்கலாம் என்பதையும் அதே குரலில் சொன்னேன். அவருடைய முதுகு அசையவில்லை.

"வெட்டினால் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியலாம். தெரியாமலும் போகலாம். தெரிந்தாலும், நீங்கள் நினைப்பதாக இல்லாமல் போகலாம்."

"கிண்ணம்?"

"பிறகு அது கிண்ணமாக இருக்காது."

அவர் திரும்பி வந்து, அலுமாரித் தட்டில் கிண்ணம் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். கிண்ணத்தைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டு, தன் நம்பிக்கையோடு காலத்தைக் கழித்துவிடலாம். அவர் வயதில் நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

"வெட்டுங்கள்," என்றார். "கூட்டத்தை நான் தள்ளிப்போடுகிறேன்."

அடுத்த கிழமை அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். பயந்து பயந்து வேலைக்குப் போயிருக்கிறார். போதகரே கதவைத் திறந்து, அவரை உட்கார வைத்து, தன் கையால் கோப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார். மன்னிப்பு என்றோ வேறு என்னவென்றோ ஒரு சொல் இல்லை. "கோப்பி பச்சத்தண்ணி கா," என்றார் அக்கா. "நான் கடைசித் துளி வரைக்கும் குடிச்சிட்டன்."

கிண்ணத்தை நான்தான் வெட்டினேன். ஆயிரம் துண்டுகளைத் தூளாக்கியவளுக்கு அன்று கை கூசியது. அடியின் நடுவிலிருந்து எடுத்த மண்ணில் புளியின் சுவடே இல்லை. திராட்சையும் இல்லை. பால் கொழுப்பு இருந்தது. ஆட்டிறைச்சிக் கொழுப்பு இருந்தது. கொழுப்பு நெருப்பில் அளவுக்கு மீறிச் சூடானால் மட்டும் உண்டாகும் பொருள்களும் நிறைய இருந்தன. நான் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு வேலையைத் திரும்பச் செய்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

ஒரு கிண்ணத்தை வைத்து ஓர் அறையைத் தீர்மானிக்க முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் தலைவர் இதற்கிடையில் அந்த நாட்டுக்கு எழுதியிருந்தார். அந்தக் கோடையில் தோண்டிய அறையின் மண்ணில் ஒரு சாக்கு, யாரும் கொட்ட மறந்து, களஞ்சியத்தில் கிடந்தது. அங்குள்ளவர்கள் அதை அரித்து மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். அடுப்புச் சாம்பல், கருகிய பருப்பு, வெட்டுத்தடம் உள்ள சின்னச் சின்ன ஆட்டெலும்புகள். பூசைக்குரிய சாமான் என்று ஒன்றுகூட இல்லை.

இந்த முறை அக்காவின் வேலை நாளாகப் பார்த்துப் போனேன். எனக்குத் துணை வேண்டியிருந்தது. அக்கா கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைத்துணியோடு வாசலோரம் நின்றார். போதகர் கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக் கேட்கிறவராக உட்கார்ந்திருந்தார்.

நான் வரும் வழியெல்லாம் மென்மையான வார்த்தைகளைத் தேடிக்கொண்டு வந்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அவை எல்லாம் அவருக்கு அவமரியாதை என்று பட்டது.

"திராட்சை ரசம் இல்லை," என்றேன். "பால், ஆட்டிறைச்சி. நெருப்பில் அதிகம் காய்ந்திருக்கிறது. அறையின் மண்ணில் அடுப்புச் சாம்பலும் பருப்பும் எலும்பும். அது வழிபட்ட இடம் இல்லை. ஒரு வீட்டின் சமையலறை."

அவர் தலையை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார். ஒரு மனிதனின் ஐம்பது வருடத்தை நாலு வசனத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்கு அழுகை முட்டியது.

"அடிப்பிடித்திருக்கிறது," என்றார் அவர்.

"என்ன?"

"என் மனைவி சொன்னது." அவர் எங்களைப் பார்க்கவில்லை. "அந்தக் கோடை அவளும் அங்கே இருந்தாள். கிண்ணத்தைக் கண்டெடுத்தது அவள். நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். உள்ளே கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். 'யாரோ அடிப்பிடிக்க விட்டிருக்கிறார்கள், இது சமையலறை' என்று சொல்லிச் சிரித்தாள். அதனால்தான் அதைக் கழுவ விடாமல் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"சமையலறையில் வளர்ந்தவளுக்கு எல்லாம் சமையலறைதான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். என் கட்டுரையில் அந்தக் கறுப்பைப் பற்றி நான் எழுதவில்லை. அவள் பெயரையும் எழுதவில்லை. அதன் பிறகு சாகும்வரை அவள் அந்த அறையைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன்."

அக்காவுக்கு எவ்வளவு விளங்கியதோ, துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.  

போதகர் கையை நீட்டித் தொலைபேசியை எடுத்தார். பேர்கனில் இருக்கும் மகளுடைய எண்ணை மனப்பாடமாக அழுத்தினார். நலம் விசாரிக்கவில்லை. "அந்தக் குன்று," என்றார். "முடிவு வந்துவிட்டது. அம்மா சொன்னதுதான் சரி." பிரசங்கக் குரல் அது. அந்தக் கடைசி வசனத்தில் மட்டும் உடைந்தது.

மறுமுனையில் மகள் நெடுநேரம் பேசினாள். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு மெதுவாகத் தொலைபேசியை வைத்தார்.

"மகள் என்ன சொன்னவ?" என்று அக்கா தமிழிலேயே கேட்டுவிட்டார். போதகருக்கு அது விளங்கியதுபோலத்தான் இருந்தது.

"பிள்ளைகளுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம்," என்றார். "வீட்டில் கஞ்சி அடிப்பிடிக்கும் போதெல்லாம் என் மனைவி அந்தக் குன்றின் சமையலறையைப் பற்றிக் கதை சொல்லுவாளாம். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவருக்கு அந்தக் கோயில் வேண்டியிருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தாளாம்."